நான்கு நிபந்தனைகளும் ஒரு மேட்டு வரியும்

பல் டாக்டர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், புதன்கிழமை சாயங்காலம் அவருடைய கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதும், காத்திருப்பு அறையின் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையில் அரைவட்டமாக நிற்பார்கள். டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர்களுக்கு முன்னால் வந்து நின்று, "வாயை நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, இப்ப ஊசி இல்ல" என்பார். பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு. பல்லுக்கும் பாட்டுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

அரைவட்டத்தின் நடுவில் நிற்பவர் தத்துவப் பேராசிரியை. குழுவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். எது சரி, எது தப்பு என்பதைக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறவர். நடத்தி முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அதை விடாதவர். லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் யாராவது அவசரமாக வருகிறார்களா, அவர்களுக்கு முதலில் இடம் கொடுக்க வேண்டாமா என்று யோசித்து யோசித்தே கடைசியில் படியேறிப் போய்விடுவார். அவருக்கு இடப்பக்கம் நிற்பவள் நாத்தனார், கணவரின் தங்கை. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அண்ணியைக் குழுவுக்கு இழுத்து வந்தவளே அவள்தான். யோசனை அதிகமாகி அண்ணிக்கு வரும் தலைவலிக்கு மாத்திரை கொடுத்து மாளவில்லை, பாட்டாவது பாடித் தொலைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்தது.

வலப்பக்கம் நிற்பவர் பஸ் டிரைவர். அவரைத் தாண்டித் தையல்காரர். டிரைவர் நகரப் பேருந்தில் விடிகாலை முதல் ட்ரிப் எடுக்கிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் அந்த உடம்புக்குள் எப்படி மடித்து வைத்தார்களோ என்று கேட்கும்படி இருக்கும். ஹாரன் பழுதானாலும் இவர் வண்டி நிற்காது என்பாள் நாத்தனார். தாழ்வான வரிகளில் அந்தக் குரல் மற்றவர்களோடு கலந்து சமர்த்தாகப் போய்விடும். சிக்கல் ஒரே ஓர் இடத்தில்தான்.

பாட்டு டாக்டரே எழுதி மெட்டுப் போட்டது. ஓர் ஊர் விடிகிற பாட்டு. கடைகளின் ஷட்டர் ஏறும், பால் வண்டி வரும், முதல் பஸ் கிளம்பும். நடுவில் "ஊரே எழுந்து நிக்குது, நீயும் வா" என்று ஒரு வரி. அங்கே கீபோர்டு நின்றுவிடும். வெறும் குரல்கள் மட்டும் படிப்படியாக ஏறிப் போய்க் கடைசி 'வா'வில் உச்சியைத் தொட வேண்டும். குழு அதற்கு வைத்த பெயர் மேடு. மேட்டில் ஏறும்போதெல்லாம் எங்கேயோ இடறியது. பாட்டு பெரிய ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது குரல் ஒன்று பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடும். டாக்டரின் கை அந்தரத்தில் நின்றுவிடும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லோர் கண்ணும் டிரைவர் பக்கம் போய், போன வேகத்தில் கூரைக்குத் திரும்பிவிடும்.

இந்த நிலையில்தான் டீச்சரின் கல்லூரி ஆண்டு விழாவில் பாட அழைப்பு வந்தது. பாட்டுக்கு முன்னால் அதே மேடையில் டீச்சரின் உரை. ஒழுக்கத்தைப் பற்றிய ஒரு நல்ல கோட்பாட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தலைப்பு. குழம்பில் உப்பு இருக்க வேண்டும் என்பதுபோல இருக்கிறதே, இதைச் சொல்ல ஒரு மணி நேரமா என்று நாத்தனார் கேட்டாள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் படித்ததையும் குழம்பியதையும் காய்ச்சி வடிகட்டி நான்கே நிபந்தனைகளில் நிறுத்தியிருந்தார். அந்தச் சந்தோஷம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு புதன்கிழமை ஒத்திகை முடிந்து, டிரைவர் படியிறங்கிப் போன பிறகு, டாக்டர் டீச்சரையும் நாத்தனாரையும் நிறுத்திவைத்துக்கொண்டார். பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்பதை நோயாளியிடம் சொல்வதற்கு முன்னால் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டு, மேட்டைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"பெருசா ஒண்ணும் வேணாம். மேடு வரும்போது மட்டும் அவர் சும்மா வாயை அசைச்சா போதும். நானே பக்குவமா சொல்லிடறேன்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "குரல் இருக்கிற மனுஷனைப் பொம்மை மாதிரி நிக்க வைக்கிறது தப்பு டாக்டர். அவரை வாயை அசைக்கச் சொன்னா என்னையும் அசைக்கச் சொல்லுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லையே அசைத்துவிடுகிறவரால் டீச்சரை அசைக்க முடியவில்லை. சரி, பாடட்டும், வருவது வரட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சர் நிமிர்ந்து நடந்தார். நியாயத்தின் பக்கம் நின்றால் முதுகுவலிகூடக் குறையும்போல.

அடுத்த வாரம் தேநீர் இடைவேளையில் டிரைவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். விழாவுக்கு அவருடைய அக்கா வரப் போகிறாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள். தூரத்து ஊரில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். கடையை ஒருநாள்கூட மூடாதவள் போன தடவை தம்பி பாடுகிறான் என்று மூடிவிட்டு வந்தாள். அன்றைக்கு இவர் புதிது. பயத்தில் குரலை விழுங்கி விழுங்கிப் பாடினார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அக்கா தலையைத் தடவி, எல்லாரும் நல்லாப் பாடினீங்க, அதுல உன் குரல் எதுன்னுதான் தெரியலடா என்றாளாம். அதைச் சொல்லும்போது டிரைவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"கீழ் வரியில எல்லார் குரலும் ஒண்ணாத்தான் கேக்கும். மேட்டுலதான் ஆளாளுக்குத் தனியாத் தெரியும். இந்தத் தடவையும் அக்காவுக்குக் கேக்கலைன்னா நான் நிறுத்திக்கலாம்னு இருக்கேன் டீச்சர். என்னத்துக்கு உங்களுக்கெல்லாம் பாரமா?"

பாரம் என்ற சொல்லைக் கேட்டு அத்தனை பேரும் பதறிப்போய்ப் பேச ஆரம்பித்தார்கள். அப்படியெல்லாம் இல்லை, பிரமாதமாகப் பாடுகிறீர்கள், உங்களைவிட்டால் யார் என்று ஆளுக்கொரு பக்கம் அள்ளிவிட்டார்கள். தையல்காரர் இரண்டு பிஸ்கட்டை எடுத்து டிரைவரின் கையில் திணித்தார். மேட்டில் அவர் தடம் மாறுவதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை.

அன்றிரவு உரையை எழுதிக்கொண்டிருந்த டீச்சருக்குப் பேனா ஓடவில்லை. அந்த மனிதர் நிறுத்திவிட்டால், ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று இருந்தது. பிறகுதான் மின்னல் வெட்டியதுபோல ஒரு யோசனை வந்தது. டிரைவரின் பிசகு எப்போது பிசகாகத் தெரிகிறது? பக்கத்திலேயே ஒரு குரல் சரியாகப் பாடும்போது. அந்தக் குரல் யாருடையது? சாட்சாத் டீச்சருடையது. மேட்டில் அவர் மட்டும் பாடாமல் வாயை அசைத்துக்கொண்டு நின்றால், உரசல் குறையும், டிரைவரின் குரல் தனியாகத் தெரியும், அக்காவுக்கும் கேட்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டீச்சர் நேர்மையானவர். தன் நான்கு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் யோசனையின் மேல் வைத்துப் பார்த்தார். இதனால் யாருக்காவது துன்பம் உண்டா? இல்லை. யாரும் பார்க்காதபோதும் செய்யத் தக்கதா? யாருக்கும் தெரியாமலேதான் செய்யப் போகிறார். சாதாரண மனிதரால் முடியுமா? வாயை அசைப்பது என்ன மலையைப் புரட்டுவதா. என் இடத்தில் இருக்கிற எல்லோரும் இதையே செய்தால் சரிதானா? இதில் மட்டும் கொஞ்சம் நின்றார். என் இடத்தில் யார் இருக்கிறார்கள்? டிரைவரின் இடது காதோரம் நிற்பது நான் ஒருத்திதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தன் பரீட்சையில் தானே தேறிவிட்ட திருப்தியில் படுத்ததும் தூங்கிப்போனார்.

விழா நாளும் வந்தது. அரங்கில் நல்ல கூட்டம். முன்வரிசையில் கல்லூரி முதல்வரும் பெரிய மனிதர்களும். கடைசி இரண்டு வரிசையில் மட்டும் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கலகலப்பு. சீருடையிலேயே வந்துவிட்ட நர்ஸ் ஒருத்தி, தோளில் ஏணித் தழும்பேறிய பெயின்டர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்ட காவலாளி, இன்னும் பலர். நடுவில் பெரிய கைப்பையை அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள். மேடையின் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்த டிரைவருக்கு முகம் வெளுத்தது. அது அவர் அக்கா. மற்றவர்கள் எல்லோரும் அவருடைய முதல் ட்ரிப் பயணிகள். தினமும் விடிகாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அவர் இந்தப் பாட்டைப் பாடிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள். காலையில் அக்கா அதே வண்டியில் ஏறி, நான் டிரைவரோட அக்கா, இன்னைக்கு அவன் மேடையில பாடுறான் என்று சொல்லிவைக்க, விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. அக்கா தம்பியைப் பார்த்ததும், தூரத்தில் வரும் வண்டியை நிறுத்துகிறவளைப்போலக் கையை ஆட்டினாள்.

டீச்சர் பேசினார். மைக் இரண்டு தடவை கூவி அடங்கிய பிறகு நன்றாகவே பேசினார். ஒரு கோட்பாடு எல்லோரையும் ஒன்றுபோலக் கட்ட வேண்டும், அதைச் சொல்கிறவரையும் சேர்த்து. அடுத்தவரின் சந்தோஷத்துக்கும் வலிக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். மகான்கள் மட்டும் பின்பற்றுகிற மாதிரி இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். அலுத்துக் களைத்து வீடு திரும்புகிறவராலும் முடிய வேண்டும். யாரும் பார்க்காத இடத்திலும் அது நிற்க வேண்டும். முதல்வர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாதி தூக்கம், பாதி சம்மதம். கைதட்டல் வந்தது. கடைசி வரிசைக்காரர்கள் இன்னும் பாட்டு ஆரம்பிக்கவில்லையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழு வந்து அரைவட்டமாக நின்றது. டாக்டர் கையைத் தூக்கினார். ஷட்டர்கள் ஏறின, பால் வண்டி வந்தது, முதல் பஸ் கிளம்பியது. ஒத்திகையில் ஒருநாளும் இப்படிச் சேர்ந்ததில்லை. மேடு நெருங்கியது. கீபோர்டு நின்றது. டீச்சர் நினைத்தபடியே வாயை மட்டும் அழகாகத் திறந்தார்.

அரங்கில் சத்தமே இல்லை.

முதலில் டீச்சருக்குத் தன் காதில்தான் கோளாறு என்று தோன்றியது. டிரைவரின் குரல் வரவில்லை. திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தார். டிரைவரின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்பால் தையல்காரரின் வாயும் அப்படியே. இடப்பக்கம் நாத்தனார் கழுத்து நரம்பு புடைக்க, முகத்தில் அத்தனை பாவனையோடு, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்றவர்கள் எப்போதும் நாத்தனாரின் குரலைப் பிடித்துக்கொண்டே பாடுகிறவர்கள். பிடி கிடைக்காமல் அவர்களும் நின்றுவிட்டு, மரியாதைக்கு வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் கை மட்டும் காற்றில் ஏறிக்கொண்டே போனது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. சத்தம் வராமல் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் அவருக்குத் தினமும் பழக்கம்தான். ஆனால் அவர்களெல்லாம் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

இப்போது பாட ஆரம்பிப்பதா, கூடாதா என்று டீச்சர் யோசிப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஊரே எழுந்து நிக்குது..."

அக்கா. கைப்பையை அணைத்தபடி எழுந்து நின்று பாடினாள். தம்பிக்குப் பாட்டு மறந்துபோச்சு என்று நினைத்துவிட்டாள். தம்பி ஃபோனில் பாடிப் பாடிக் காட்டிய வரி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்த நொடி நர்ஸ் சேர்ந்துகொண்டாள். பெயின்டர் சேர்ந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வரிசையும் எழுந்து நின்று, "நீயும் வா" என்று ஏறி, உச்சிக்கு முன்னால், டிரைவர் எந்தச் சந்தில் திரும்புவாரோ அதே சந்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பினார்கள். தினமும் கேட்டது அப்படித்தானே. அவர்களுக்கு அதுதான் பாட்டு.

டிரைவர் மறுபடியும் வாயைத் திறந்தார். இந்தத் தடவை சத்தம் வந்தது. அந்தக் குரலுக்கு அரங்கின் சுவர்கள் போதவில்லை. டாக்டரைக் குறை சொல்ல முடியாது, புத்திசாலி. கையைச் சட்டென்று சந்துப் பக்கமே திருப்பிவிட்டார். குழுவும் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. இடறி விழுந்த மேட்டை மொத்த அரங்கும் தப்பான வழியில் ஏறிக் கடந்தது. பாட்டு முடிந்தபோது கூரை பெயர்ந்துவிடும்போலக் கைதட்டினார்கள். முதல்வர், நடுவில் அந்த அமைதியை வைத்ததுதான் பிரமாதம், என்ன கற்பனை என்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டர் மறுக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்த நாற்காலிகளும் தண்ணீர் கேனுமாக ஒரு நடைவழி. அங்கே வந்து சேர்ந்ததும் டாக்டர் திரும்பி நின்றார்.

"என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க. எனக்குக் காது போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்."

முதலில் தையல்காரர்தான் தொண்டையைக் கனைத்தார். டிரைவருக்குப் பக்கத்தில் நிற்பவன் நான்தானே, நான் ஒருத்தன் பாடாமல் இருந்தால் அவர் குரல் அக்காவுக்குக் கேட்கும் என்று பார்த்தேன் என்றார். குழுவின் பின்வரிசையில் நிற்பவர் ஒருவர், அட, நானும்தான் என்றார், டிரைவருக்கு நேர் பின்னால் நிற்பவன் நான்தானே. நாத்தனார் தலையில் கையை வைத்துக்கொண்டு, தன் குரல்தான் குழுவிலேயே கூர்மை, அது குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்ததாகச் சொன்னாள். டீச்சரும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு 'நானும்தான்' வரும்போதும் டாக்டர் ஓர் அடி பின்னால் போய், கடைசியில் நாற்காலி அடுக்கின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சரி, நீங்க என்னத்துக்கு வாயை அசைச்சீங்க?" என்று டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் தரையைப் பார்த்தார். அன்றைக்கு ஒருநாள் குடையை மறந்துவிட்டு கிளினிக்குக்குத் திரும்பி வந்தாராம். படியில் நிற்கும்போது டாக்டர் சொன்னதும் காதில் விழுந்தது, டீச்சர் எதிர்த்துப் பேசியதும் விழுந்தது. குடையை எடுக்காமலே போய்விட்டார்.

"எனக்காக யாரும் அப்படிப் பேசினதில்லை. இன்னைக்கு உங்க நாளு டீச்சர். பெரிய மனுஷங்க முன்னாடி என் ஒரு வரியால கெட்டுப்போக வேணாம்னு பாத்தேன். அக்காவுக்கு இன்னொரு நாள் பாடிக்கலாம்."

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை மாதம் ஏங்கிய மனிதர், அந்த ஒரே வரியைத் தூக்கித் தனக்குக் கொடுத்திருக்கிறார். தானும் அதே வரியைத் தூக்கி அவருக்குக் கொடுத்திருக்கிறார். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு பாட்டையே காணாமல் போக அடித்துவிட்டார்கள். நான்கு நிபந்தனைகளிலும் எல்லோரும் அவரவர் கணக்கில் தேறியிருந்தார்கள். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு நல்லது செய்யணும்னு இத்தனை பேர் நினைச்சோம். ஒருத்தர்கூட உங்ககிட்ட பேசலை" என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் யாரும் சொல்லாததைச் சொன்னார். "மேட்டுல நீங்க தடம் மாறிடறீங்க, டிரைவர் சார்."

டிரைவர் ஆறுதலாகத் தோளைத் தளர்த்தினார்.

"தெரியும் டீச்சர். எங்க மாறுதுன்னும் தெரியும். எப்படி ஏறுறதுன்னுதான் தெரியல. யாராவது சொல்லித் தருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

டாக்டர் நாற்காலி அடுக்கிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார். அங்கேயே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், வகுப்பு நடந்தது. மூச்சை 'வா'வுக்கு முன்னால் தேடினால் கிடைக்காது, 'நிக்குது'விலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோளைப் பிடித்துக் காட்டினார். டிரைவர் பாடினார், சந்து. மறுபடியும் பாடினார், சந்தின் முனைவரை போய்த் திரும்பி வந்தார். அதற்கடுத்த தடவை குரல் தயங்கித் தயங்கி மேலே போய் உச்சியில் உட்கார்ந்தது. தையல்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இது ஒரு தடவை அதிர்ஷ்டமாக இருக்கலாம், பக்கத்துக் குரலைக் கேட்டுப் பிடித்துக்கொண்டால் நிலைக்கும் என்று டாக்டர் சொல்லி, டீச்சரைப் பாடிக் காட்டச் சொன்னார்.

டீச்சர் நடுவில் வந்து நின்று பாடினார். முடித்துவிட்டுப் பார்த்தால் டாக்டரின் புருவம் ஏறியிருந்தது. நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை பாடுங்க."

இன்னொரு தடவை பாடினார். இந்த முறை காதைக் கொடுத்துக் கேட்டார். குரல் ஏறியது, ஏறியது, உச்சிக்கு முன்னால் அப்படியே பக்கத்துச் சந்துக்குள் போனது.

"அண்ணி, சந்துல திரும்புறது நீங்களும்தான்" என்றாள் நாத்தனார். இருபது வருஷமாக இப்படி ஒன்று கிடைக்காதா என்று காத்திருந்தவளின் பரவசம் அந்தக் குரலில் இருந்தது.

டாக்டர் தலையை ஆட்டினார். ஒரு குரல் இல்லை, இரண்டு குரல் மாறியிருக்கிறது. டிரைவருடையது பெரிய குரல், அதனால் அவர் மாட்டிக்கொண்டார். அதன் நிழலில் டீச்சர் சுகமாகப் போய்வந்துகொண்டிருந்தார். டீச்சருக்கு முகம் சூடேறியது. சரியாகப் பாடும் குரல் என்று எதைத் தியாகம் செய்தாரோ, அந்தக் குரலே சரியில்லை. தன் பிசகை எல்லாம் தூக்கிப் பக்கத்தில் நிற்பவரின் கணக்கில் எழுதிக்கொண்டே, அவருக்காக இரக்கப்படவும் செய்திருக்கிறார். ஒழுக்கத்தைப் பற்றி என்ன கோட்பாடு வைத்துக்கொண்டாலும், நீ தப்பாகப் பாடுகிறாய் என்று சொல்ல ஓர் ஆளும், அதைக் கேட்டுக்கொள்ளும் காதும் அதில் இல்லையென்றால் அது எதற்கு ஆகும்? இதை ஒரு மணி நேரம் பேசியும் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டிரைவரும் சிரித்தார். "அப்ப இத்தனை நாளா நாம ரெண்டு பேரும் ஒரே சந்துலதான் இருந்திருக்கோம். முன்னாடியே சொல்லியிருந்தா பேச்சுத் துணைக்காவது ஆயிருக்குமே."

அந்த நேரம் பார்த்து அக்கா வந்து சேர்ந்தாள். பின்னால் முதல் ட்ரிப் முழுக்க. தம்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தவள், டாக்டர் கையைத் தூக்குவதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். டிரைவரும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, 'நிக்குது'வில் மூச்சை எடுத்து, ஒருவர் குரலை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். டீச்சர் பாதியில் வழுக்கினார். டிரைவரின் குரல் அங்கேயே ஒரு கணம் நீண்டு காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் கூட்டிக்கொண்டு மேலே போனது.

பெயின்டர் மட்டும், பழைய மாதிரியே நல்லாத்தானே இருந்துச்சு, இதை ஏன் மாத்துறீங்க என்று குறைப்பட்டுக்கொண்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து தம்பியின் கன்னத்தில் கையை வைத்தாள்.

"இன்னைக்குக் கேட்டுச்சுடா. உன் குரல்தான், தனியாக் கேட்டுச்சு" என்றாள்.

டிரைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, அதை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் டாக்டர் பக்கம் திரும்பினார். மேடு இன்னும் கைக்கு அடங்கவில்லை, புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து கொஞ்சம் பழகிக்கொள்ளலாமா என்று கேட்டார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு பேரா வர்றோம் டாக்டர்."